நிறைத்துக் கொடுப்பது தர்மமா?

நிறுவையில் குறைப்பது பாவம் என்று வியாபாரிகளாகிய நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மதரஸாவில் ஓதிய நாளிலேயே அது மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் சாப்பாட்டுக்கடையில் அளவுக்கு மிஞ்சிக் கொடுப்பது எந்தக் கணக்கில் சேரும்? சகோதரர்களே, இதை நாம் சிந்தித்ததுண்டா?

அரிசி பருப்பைச் சற்றுத் தாழ நிறுத்துக் கொடுப்பது மார்க்கம் விரும்பும் பெருந்தன்மை. வாங்கியவர் அதை நாலு நாள் வைத்து உண்பார். தட்டில் வைத்த சோறோ அப்போதே வயிற்றுக்குள் போகவேண்டும். மலைபோலச் சோறு, மேலே நாலுவகைக் குழம்பு, பொரித்த கோழி, ஓரத்தில் இரண்டே வெண்டைக்காய்! இதுவே நம்மவர் கடைகள் பலவற்றின் வழக்கம்.

மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தரும். கொழுப்போ 9 தரும். 10 கிராம் நெய்யில் ஏறக்குறைய 90 கலோரி. கொழுப்பை அடியோடு விலக்கவும் கூடாது. உடலுக்கு அதுவும் தேவை. தட்டில் பாதி காய்கறி பழம், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு என்பதே மலேசிய சுகாதார அமைச்சு கூறும் அளவு. சிங்கப்பூர் 2014-ல் வெளியிட்ட உணவுத்தட்டும் அதையே காட்டுகிறது. மலேசியாவில் 2023-ம் ஆண்டு ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு நீரிழிவு. அவர்களில் நம் வாடிக்கையாளர்களும் இருப்பார்கள்; கல்லாவில் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் நாமும் இருப்போம்.

"கேட்டதைக் கொடுக்கிறோம், வாய் அவருடையது" என்று சிலர் கூறலாம். வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி அவருக்கும் உரியதே. ஆயினும் கேளாமலே குழம்புக் கரண்டியைச் சாய்ப்பது நம் கையல்லவா? கடையில் இல்லாத காய்கறியை அவர் எப்படிக் கேட்பார்?

மூட்டை தூக்கும் தொழிலாளிக்குக் கூடுதலாக ஒரு கரண்டி சோறு வைப்பது தர்மமே. நீரிழிவுக்காரருக்கும் அதே கரண்டி என்றால் அது தர்மமாகாது. ஆளறிந்து கொடுப்பதே நீதி. "குழம்பு போதுமா?" என்று ஒரு வார்த்தை கேட்க நமக்குக் காசு செலவில்லை.

கொடுக்கும் கை தாராளமாகவே இருக்கட்டும். அந்தத் தாராளம் இனிக் காய்கறிச் சட்டியின் பக்கம் திரும்பட்டும்.