தாய்மொழியாகப் பேசினால் போதுமா?

ஸ்பெயின் நாட்டுப் பள்ளிகளில் உரையாடல் உதவியாளர் என்றொரு பணி உண்டு. அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, கனடா, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலிருந்து பட்டதாரிகளும் பட்டப்படிப்பை முடிக்கும் நிலையில் உள்ளவர்களும் ஒரு கல்வியாண்டுக்கு அங்கே வருகிறார்கள். வாரத்துக்கு 12 முதல் 16 மணி நேர வேலை. அதற்குச் சம்பளமாக அல்லாமல் உதவித்தொகையாக, பகுதிக்கு ஏற்றபடி மாதம் 700 முதல் 1000 யூரோ வரை வழங்கப்பட்டு வந்திருக்கிறது. ஆசிரியப் பயிற்சி பெற்றிருக்க வேண்டியதில்லை. உதவியாளர் மதிப்பெண் போடக் கூடாது, வகுப்பைத் தனியாகப் பொறுப்பேற்கக் கூடாது. வகுப்பாசிரியர் உடன் இருக்க வேண்டும். ஆங்கிலத்தைப் பிறந்தது முதல் பேசுபவர், அல்லது அதற்கு இணையாகப் பேசுபவர் என்பதே அவருடைய தகுதி. ஒரு மொழியோடு வளர்ந்தவர் என்ற காரணத்துக்காகவே ஒருவரை வகுப்பில் நிறுத்தினால், அவர் செய்வதைக் கற்பித்தல் எனலாமா? மெய்யியலில் இது மிகப் பழைய கேள்வி.

பிளேட்டோவின் 'புரோட்டகோரஸ்' உரையாடலில் அறத்தைக் கற்பிக்க முடியுமா என்று சாக்ரடீஸ் ஐயம் எழுப்புகிறார். அதற்கு மறுமொழி தரும் புரோட்டகோரஸ், கிரேக்க மொழிக்கு ஆசிரியர் யார் என்று தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார் என்கிறார். அந்த மொழியை ஊரே கற்பிக்கிறது. அறமும் அப்படித்தான் என்பது அவர் வாதம். இந்த விடை ஏதென்ஸுக்குப் பொருந்தும். ஆனால் ஸ்பெயினின் காஸ்தீயப் பகுதியின் ஒரு சிற்றூரில் ஆங்கிலம் பேசும் ஊர் கிடையாது. அந்த ஊரின் வேலையை ஒரே ஆள் வாரத்தில் சில மணி நேரத்தில் செய்தாக வேண்டும். பிற்பகலில் பள்ளி மணி அடித்ததும் குழந்தைகள் ஸ்பானிய மொழிக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆகவே உதவியாளரைச் சேர்த்துவிட்டால் மொழி தானாகத் தொற்றிக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்குப் புரோட்டகோரஸைத் துணைக்கு அழைக்க முடியாது. அவர் சொன்னது ஒரு சமூகத்தைப் பற்றி, தனி மனிதரைப் பற்றி அல்ல.

தனி மனிதரால் என்ன முடியும் என்பதற்குக் கிறிஸ்தவ மெய்யியலாளர் அகுஸ்தினாரிடம் நல்ல விடை இருக்கிறது. வட ஆப்பிரிக்காவின் தாகாஸ்தேயில் பிறந்த அவர், தாம் லத்தீனையும் கிரேக்கத்தையும் கற்ற விதத்தைத் தம் 'ஒப்புதல் அறிக்கைகள்' நூலின் முதல் பகுதியில் ஒப்பிடுகிறார். லத்தீன், செவிலியரின் கொஞ்சலுக்கும் சுற்றியிருந்தோரின் சிரிப்புக்கும் நடுவே அச்சமின்றி வந்து சேர்ந்தது. கிரேக்கம் பிரம்படியோடு வந்ததால் கசந்தது. மொழி கற்க அச்சத்தைவிட ஆர்வமே வலிமை மிக்கது என்பது அவர் முடிவு. உதவியாளருக்கு அதிகாரம் இல்லாதிருப்பதை இந்த ஒளியில் பார்க்க வேண்டும். நான்கு குழந்தைகள் ஒரு சிறு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பட அட்டைகளைப் புரட்டுகிறார்கள். ஸ்பானிய நாவுக்குச் சொல்லின் முதலில் ஸகரத்தோடு தொடங்கும் மெய்ம்மயக்கம் வராது என்பதால் ஒரு சிறுமி 'எஸ்கூல்' என்கிறாள். நம் ஊரில் 'இஸ்கூல்' என்பதும் இதே காரணத்தால்தான். உதவியாளர் அதைத் தவறு என்று குறிக்காமல், அதே சொல்லைத் தம் பதிலில் இயல்பாகச் சொல்லிவிட்டு மேலே போகிறார். சிறுமி அடுத்த முறையும் 'எஸ்கூல்' என்றே சொல்லக்கூடும். ஆனாலும் பேசுவதை நிறுத்தமாட்டாள். பிழைக்கு விலை இல்லாத ஓர் இடம் பள்ளிக்குள் கிடைப்பது சிறிய காரியமல்ல.

அகுஸ்தினாரின் வாழ்விலேயே இன்னொரு செய்தியும் உண்டு. லத்தீன் சொற்கலையின் ஆசிரியராக மிலானுக்குப் போனபோது அவருடைய ஆப்பிரிக்க உச்சரிப்பில் இத்தாலியர் குறை கண்டார்கள். லத்தீன் அவருக்குப் பால்மணத்தோடு வந்த மொழி. மணிலாவிலிருந்தோ டப்ளினிலிருந்தோ வரும் உதவியாளரின் ஆங்கிலம் 'சரியான' ஆங்கிலமா என்று கேட்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம். ஒரு மொழிக்கு உரிமை கோருவதற்குப் பிறப்பு போதும் என்றால் எல்லா உச்சரிப்பும் செல்லும்; போதாது என்றால் இந்தப் பணியின் தகுதி விதியே ஆட்டம் காணும்.

அகுஸ்தினார் ஏறத்தாழ 389இல் ஆசிரியரைப் பற்றி எழுதிய உரையாடல் இன்னும் ஆழமானது. மகன் அதியோதாத்துஸோடு அவர் நடத்தும் அந்த விவாதத்தின் மையக் கருத்து, சொற்கள் எதையும் கற்பிப்பதில்லை என்பது. விவிலியத்தின் தானியேல் நூலில் வரும் ஓர் அரிய உடைப் பெயரை எடுத்துக்காட்டி, அந்தப் பொருளைப் பார்த்திராதவனுக்கு வெறும் சொல் எதைத் தரும் என்று கேட்கிறார். பொருளை அறிந்த பிறகே சொல் அடையாளமாகிறது. மாட்ரிட் பகுதி 2004இல் தொடங்கிய இருமொழிப் பள்ளித் திட்டத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும். அங்கே அறிவியல் போன்ற பாடங்களே ஆங்கிலத்தில் நடக்கின்றன. இலை, வேர், ஒளிச்சேர்க்கை ஆகியவற்றைக் குழந்தை புதிதாக அறிவதும் புதிய மொழியில் கேட்பதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. அங்கெல், கப்ராலெஸ், கர்ரோ ஆகிய பொருளியலாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு, குறைந்த படிப்புள்ள பெற்றோரின் பிள்ளைகள் ஆங்கிலவழிப் பாடத்தில் பின்தங்கியதைக் காட்டியது. படித்த வீட்டுப் பிள்ளைக்குப் பொருள் முன்பே தாய்மொழியில் அறிமுகமாகியிருக்கும். மற்றப் பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து நழுவும். ஆகவே உதவியாளர் வகுப்புக்கு ஒரு செடியைத் தொட்டியோடு எடுத்து வருவது அலங்காரத்துக்காக அல்ல, அகுஸ்தினார் சொன்ன வரிசைக்காக. வாலென்சியாவில் பிறந்து இங்கிலாந்தில் கற்பித்த மனிதநேய அறிஞர் லூயிஸ் விவெஸும் 1538இல் வெளிவந்த தம் லத்தீன் பயிற்சி நூலில் துயில் எழுதல், பள்ளிக்குப் போதல், உணவு போன்ற அன்றாடக் காட்சிகளையே உரையாடல்களாக அமைத்தார். குழந்தை அறிந்த வாழ்க்கைக்குள்தான் புதிய மொழி நுழைய முடியும்.

அறம் சார்ந்த சிக்கல் வேறோரிடத்தில் இருக்கிறது. ஸ்பானிய மொழி தெரிந்தாலும் தெரியாதது போல நடந்துகொள்ளுமாறு பல பள்ளிகள் உதவியாளருக்கு அறிவுரை சொல்கின்றன. வேறு வழியில்லை என்றால் குழந்தைகள் ஆங்கிலம் பேசுவார்கள் என்பது கணக்கு. 1818இல், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லூவெனில் பிரெஞ்சு கற்பித்த ஜோசப் ஜாக்கோதோவுக்கு மாணவர்களின் பிளமிய மொழி உண்மையாகவே தெரியாது. ஒரு நூலின் இருமொழிப் பதிப்பைக் கையில் கொடுத்து அவர்களாகவே கற்க விட்டார். அவருடைய அறியாமையில் நடிப்பு இல்லை. உதவியாளருடையது நடிப்பு. பொய்யை எந்த நிலையிலும் ஏற்காத அகுஸ்தினார், உண்மையை மறைக்க விரும்புபவர் எல்லாரும் பொய்யர் ஆகிவிடமாட்டார் என்றும் எழுதியிருக்கிறார். இந்த வேறுபாடு பயன் தரும். ஸ்பானிய மொழியில் கேட்கும் குழந்தைக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வது மறைத்தல். 'எனக்கு உன் மொழி புரியாது' என்று சொல்வது பொய்.

முற்றத்தில் விழுந்து முழங்காலில் இரத்தம் கசிய ஒரு சிறுவன் தன் மொழியில் வலிக்கிறது என்று அழும்போது இந்த வேறுபாடும் போதாமல் போகிறது. அந்த நேரத்தில் ஆங்கிலத்தில் பதில் சொல்வது கொடுமை. அவன் மொழியில் பேசி, காயத்தைக் கழுவி, ஆசிரியரிடம் அழைத்துப் போக வேண்டும். அதனால் பயிற்சி கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரோன்ழா, தந்தை பிரெஞ்சிலும் தாய் ஜெர்மனிலும் பேசிய தம் மகனின் மொழி வளர்ச்சியை 1913இல் நூலாக்கினார். இத்தகைய வீடுகளில் பிள்ளைகள் இன்னாரிடம் இன்ன மொழி என்று பழகிக்கொள்கிறார்கள்; எதிரில் இருப்பவருக்கு மற்ற மொழியும் தெரியும் என்பது அந்தப் பழக்கத்துக்குத் தடையாவதில்லை. பழக்கம் செய்துவிடும் வேலைக்குப் பொய் எதற்கு?

சமயம் பற்றிய கேள்வி இலையுதிர் காலத்தில் வந்துவிடும். அக்டோபர் 31இன் ஹாலோவீனை வகுப்பில் அறிமுகப்படுத்தும்படி உதவியாளரிடம் கேட்கிறார்கள். மறுநாள் புனிதர் அனைவர் பெருவிழா. நாடு முழுதும் விடுமுறை, குடும்பங்கள் கல்லறைகளுக்குப் பூக்களோடு போகும் நாள். அரசு நிதி பெறும் கத்தோலிக்கப் பள்ளிகளிலும் உதவியாளர்கள் பணிபுரிகிறார்கள். அவர்களில் வேறு சமயத்தவரும் சமயம் சாராதவரும் உண்டு. நீங்கள் கோயிலுக்குப் போவீர்களா என்று ஒரு குழந்தை கேட்டால், 'என் வீட்டில் இப்படி' என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. 'எங்கள் நாட்டில் எல்லாரும் இப்படி நம்புகிறார்கள்' என்று சொல்லும் உரிமை இல்லை, ஒரு நாட்டின் நம்பிக்கைக்கு அவர் சாட்சி அல்ல. ஸ்பெயின் திருப்பீடத்தோடு 1979இல் செய்த உடன்பாட்டின்படி பள்ளிகள் கத்தோலிக்க சமயப் பாடத்தை வழங்க வேண்டும். மாணவர் அதைப் படிப்பது விருப்பம். அதைக் கற்பிப்பவரை மறைமாவட்டம் முன்மொழிகிறது. உதவியாளரை அப்படி யாரும் முன்மொழிவதில்லை. ஆகவே அவருடைய பதில் ஒரு மனிதரின் பதிலாக மட்டுமே நிற்க முடியும். கேட்டது உண்மையா என்று மாணவர் தமக்குள் இருக்கும் ஆசிரியரிடமே சரிபார்க்கிறார் என்று ஆசிரியரைப் பற்றிய அந்த உரையாடலின் இறுதிப் பகுதியில் அகுஸ்தினார் மகனிடம் சொல்கிறார். அவருக்கு அந்த ஆசிரியர் கிறிஸ்து. அவர் கணக்கில் மறைமாவட்டம் அனுப்பியவரும் உரையாடல் உதவியாளரும் வெளியே நின்று சுட்டிக்காட்டுபவர்களே.