அதிக தூரம் ஓடிய வண்டியும் விற்பவரின் மௌனமும்

கீரிப்பாறை, மாறாமலை போன்ற மலைத்தோட்டப் பாதைகளில் ஓடித் தேய்ந்த பழைய ஜீப் ஒன்று கைமாறும்போது, அதன் குறையைக் கேட்காமலே சொல்லும் கடமை விற்பவருக்கு உண்டா என்பது அறவியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றன் இன்றைய வடிவமாகும். மீட்டர் காட்டும் தூரம் திருத்தப்படாததாகவே இருந்தாலும், சமவெளியில் கடந்த ஒரு கிலோமீட்டரும் பாரத்துடன் முதல் கியரில் ஏறிய ஒரு கிலோமீட்டரும் கிளட்ச் தட்டை ஒரே அளவில் தேய்ப்பதில்லையாதலால், மெய்யான எண்ணிக்கையே வாங்குபவரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லக்கூடும்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பேசும் கடமை இல்லாதவிடத்து வெறும் மௌனத்தை மோசடியாகக் கொள்வதில்லை. சமய, அற மரபுகள் இதனினும் கண்டிப்பானவை. 13ஆம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவைனாஸ், குதிரைக்கு ஒரு கண் இல்லாமை போன்ற வெளிப்படையான குறையை, விலையைத் தக்கவாறு குறைத்திருப்பின், சொல்லாமல் விடலாம் என்றும், இழப்போ ஆபத்தோ விளைவிக்கும் மறைவான குறையைச் சொல்லியே ஆகவேண்டும் என்றும் வகுத்தார். இஸ்லாமியச் சட்டம், முன்பே இருந்த குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பியளிக்கும் உரிமையை, அதாவது 'கியார் அல்-அய்ப்' எனப்படுவதை, வாங்குபவருக்கு வழங்குகிறது. திருக்குறள் வணிகரின் கடமையை அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில் வைக்கிறது.

அக்குவைனாஸின் பகுப்பின்படி, ஜீப்பின் அடித்தகட்டில் படர்ந்த துரு குனிந்து பார்ப்பவருக்குத் தெரியும் குறை. தேய்ந்த பிரேக் டிரம்மோ சக்கரத்தைக் கழற்றினாலன்றித் தெரியாதது. விலை பேசுமிடத்தில் இல்லாத தோட்டத் தொழிலாளர்களும் அதே வண்டியில் மலையிறங்குவதால், வாங்குபவர் கேட்கவில்லை என்னும் சமாதானம் அவர்கள் விஷயத்தில் சிறிதும் செல்லாது.