மண் சுமந்த மேனியும் மரியின் மைந்தன் மேனியும்

ஒரு சமயத்தை ஆராயப் புகுவார் அச்சமயத்தார் எதனைத் தம் கொள்கைக்கு உயிர்நிலையாகக் கொண்டனரோ அதனை முதற்கண் அறிதல் வேண்டும். அதனை அறியாது செய்யும் மறுப்பு, வேரை விடுத்து இலையைக் கிள்ளுதல் போலாம். நம்மவருட் சிலர் கிறித்து சமயத்தைப் பற்றிப் பேசுங்கால், “பசித்தவரும் அழுதவரும் சிலுவையில் அறையுண்டு இறந்தவரும் கடவுளாதல் எங்ஙனம்?” என வினாவி, அவ்வளவில் வாதம் முடிந்ததென மகிழ்கின்றனர். யாமோ, வாதம் தொடங்கும் இடமே அதுவென்போம். ஏனெனின், இயேசு பசித்தமையும் அழுதமையும் இறந்தமையும் கிறித்தவர் மறைக்க விரும்பும் குறைகள் அல்ல. அவர்தம் இரட்சிப்புக் கொள்கை முழுவதும் அவற்றின்மேல் நிற்கின்றது.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. கொத்மலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே ஒரே லயத்தின் ஒரு காம்பராவில் முருகன் படமும் அடுத்த காம்பராவில் சிலுவையும் இருத்தலை எவரும் காணலாம். கோப்பிப் பயிர்க் காலத்திலே தமிழ்நாட்டினின்று மன்னார்க் கரையிறங்கிக் காட்டுவழியே கால்நடையாக மலையேறியவருட் பலர் வழியிலேயே மாண்டனர். 1869 ஆம் ஆண்டிலே இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் பின்னர்க் கோப்பியை அழிக்க, அந்நிலமெல்லாம் தேயிலை ஆயிற்று. அம்மக்களிடையே மாரியம்மன் கோயில்களும் எழுந்தன. கிறித்தவ ஊழியரும் வந்து போதித்தனர். ஆதலின் ஒரு குடும்பத்திலே அண்ணன் திருநீறணியத் தம்பி ஞானஸ்நானம் பெற்றிருத்தலும் உண்டு. நோயுற்றுக் கிடப்பார் அருகிலே, “நாம் படும் பாடு கடவுளுக்குத் தெரியுமா?” என்னும் வினா எழுங்கால், கிறித்தவர், “எம் ஆண்டவர் அதனைத் தாமே பட்டவர்” என்பர். சைவர் கூறும் விடை யாது? இதுவே ஈண்டு நாம் ஆராய்வது.

முதற்கண் கிறித்தவர் கூற்றை அவர் கூறுமாறே நோக்குவாம். நாசரேத்தூரிலே தச்சுத் தொழில் செய்தவர். சமாரியாவிலே கிணற்றருகில் இளைத்து அமர்ந்து நீர் கேட்டவர். நண்பன் லாசருவின் கல்லறை முன் அழுதவர். கெத்செமனே என்னுந் தோட்டத்திலே சாவை நினைந்து கலங்கியவர். இங்ஙனம் அவர்தம் சுவிசேஷங்கள் இயேசுவைக் காட்டுகின்றன. தொடக்க நூற்றாண்டுகளிலேயே சிலர் இதனைக் கடவுட்டன்மைக்கு இழுக்கெனக் கருதி, அவர் உடம்பு வெறுந்தோற்றமே, அவர் துன்புற்றதுபோற் காட்டினரேயன்றித் துன்புற்றிலர் என்றனர். திருச்சபையார் இதனை ஏற்றிலர். பின்னர், அப்பொலிநாரியார் என்னும் ஆசிரியர், இயேசுவுக்கு உடம்பு மனித உடம்பேயாயினும் அறிவுநிலையில் தெய்வ வார்த்தையே நின்றது என்றார். 381 ஆம் ஆண்டிலே கான்ஸ்தாந்திநோப்பிளிற் கூடிய சங்கம் அதனையும் விலக்கியது. 451 ஆம் ஆண்டிலே கால்சிதோனிற் கூடிய சங்கம், அவர் கடவுட்டன்மையில் முழுமையும் மனிதத்தன்மையில் முழுமையும் உடைய ஒருவரே எனவும், அவ்விரு தன்மைகளும் கலத்தலும் பிரிதலும் இலவாய் நிற்பன எனவும் வரையறுத்தது.

இத்துணை உறுதியாக அவர் மனிதத்தன்மையை வற்புறுத்தியது எற்றுக்கு? நாசியான்சு நகரத்துக் கிரகோரியார் முதலியோர் காட்டிய நியாயம் இது. நோய் மனித இயல்பு முழுவதையும் பற்றியது. உடம்பை மட்டுமன்றி அறிவையும் விருப்பத்தையும் பற்றியது. மீட்க வந்தவர் அவ்வியல்பில் எப்பகுதியைத் தமதாக ஏலாது விட்டாரோ, அப்பகுதி குணமாகாது நின்றுவிடும். மனித அறிவை ஏலாராயின், பாவம் பிறக்கும் இடமாகிய அறிவே மீட்கப்படாது எஞ்சும். பதினொன்றாம் நூற்றாண்டின் இறுதியிலே அன்செல்ம் என்பார் வேறொரு நெறியால் இம்முடிபுக்கே வந்தார். கடன் மனிதனுடையது, செலுத்த வேண்டியவன் மனிதன், செலுத்த வல்லவர் கடவுள் ஒருவரே, ஆதலின் இருதன்மையும் உடைய ஒருவரே அதனைத் தீர்க்கவல்லர் என்பது அவர் வாதம். இவ்விரு நெறியினும் மனிதத்தன்மையை நீக்கின் இரட்சிப்பு இல்லையாம்.

இதனைக் கொத்மலையிலேயே வழங்கும் ஒரு கதையால் விளக்குவாம். துட்டகைமுனு இளவரசனாயிருந்தபொழுது தந்தையின் சினத்துக்கு அஞ்சி இப்பகுதியிலே குடியானவர் மனையில் ஒளிந்து வாழ்ந்தான் என்பது சிங்கள மக்கள் வழங்கும் மரபு. அவன் அவர்தம் உணவையே உண்டு, அவர்தம் வயலிலே நின்றிருக்கலாம். எனினும் அவன் ஒளிந்திருந்த அரசனேயன்றிக் குடியானவன் அல்லன். காலம் வந்தவுடன் அவ்வேடத்தைக் களைந்து அரசாளச் சென்றான். லயத்திலே பிறந்த குழந்தைக்கோ களைதற்குரிய வேடம் யாதுமில்லை. அரசன் வேடம் பூண்டு வந்தமை போன்றதன்று இயேசுவின் வருகை, லயத்துக் குழந்தையின் பிறப்புப் போன்றது என்பதே கிறித்தவர் கொள்கை.

நம் தமிழ்நாட்டவராகிய வெங்கல் சக்கரைச் செட்டியார் (1880–1958) இதனை மேலும் அழுத்திக் கூறினார். கிறித்து சமயம் தழுவிய அவர் வழக்கறிஞராகவும், சென்னை நகர மேயராகவும், தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கியவர். இயேசுவை அவதாரம் என்னும் சொல்லாலேயே விளக்கி ஆங்கிலத்தில் ஒரு நூலியற்றினார். ஆயின் வந்து காரியம் முடித்து மீளும் அவதாரமன்று அது. இயேசு ஏற்ற மனிதத்தன்மை உயிர்த்தெழுந்த பின்னரும் நீங்காது நிலைப்பது. அவரே மெய்யான மனிதர் என்பது அவர் கருத்து. தோட்டங்களிலே காமன் கூத்துக் காண்போர் இதன் வேற்றுமையை எளிதில் உணர்வர். எரிந்த காமன் இரதியின் வேண்டுகோளால் மீண்டும் உயிர்பெற்றானாயினும், உருவிலியாகவே பெற்றான். அதுபற்றியே அனங்கன் எனப்பட்டான். கிறித்தவர் கூறும் உயிர்த்தெழுதலோ ஆணித் தழும்போடு கூடிய உடம்பின் எழுச்சி.

இனி நம் நூல்கள் கூறுவதை நோக்குவாம். வையையின் கரை அடைக்க ஆளின்றி வருந்திய வந்தி என்னும் முதியவளுக்காக, உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பேசிச் சோமசுந்தரக் கடவுள் கூலியாளாய்க் கூடை சுமந்தார். பாண்டியன் பிரம்படியும் பெற்றார் என்பது திருவிளையாடற் புராணம். மண் வெட்டியும் கொழுந்துக் கூடை சுமந்தும் வாழும் மக்களுக்கு இதனினும் அணுக்கமான திருவுருவம் யாதுளது? எனினும் கூலியாளாய் வந்த அம்மேனி தாய் வயிற்றிற் பிறந்ததன்று, வளர்ந்ததன்று, இறந்ததுமன்று. ஒரு கூடை மண்ணைக் கொட்டியவுடன் மறைந்தது. அது வினையால் வந்த மாயையுடம்பு அன்று, அருளே கொண்ட வடிவம் என்பர் சித்தாந்தநூலார். குருவாய் வருதலும் அத்தகையதே. மானைக் காட்டி மானைப் பிடித்தல்போல, மனிதரை ஆட்கொள்ளுதற்கு மனித வடிவைப் போர்வையாகக் கொண்டு இறைவன் வருகின்றான் எனத் திருவருட்பயனில் உமாபதி சிவாசாரியர் விளக்கினர். போர்வை என்னும் அக்கருத்தே வேறுபாட்டின் நடுநாடி. கிறித்தவர் எதனைப் போர்வையன்று எனச் சங்கங்கூடி மறுத்தனரோ, அதனையே நம் ஆசிரியர் போர்வை என உவந்து கூறினர்.

இவ்வேறுபாடு நோயைப் பற்றிய வேறுபாட்டினின்று பிறந்தது. மனித இயல்பு கெட்டது, ஆதலின் அவ்வியல்பினுள்ளே நின்று அதனைத் திருத்துவார் ஒருவர் வேண்டும் என்பது அவர் வழி. உயிரை அநாதியே பற்றியது ஆணவ மலம். மனித உடம்போ அம்மலம் நீங்குதற்பொருட்டு இறைவன் தந்த கருவி. கட்டுண்டாரை விடுவிக்க வல்லவன் கட்டில்லாதவனே என்பது நம் வழி. அருணந்தி சிவாசாரியர், எத்தெய்வத்தை வழிபடினும் அவ்வழிபாட்டை ஏற்று அருள்பவன் சிவனே எனவும், பிறப்பிறப்பும் வேதனையும் உடையார் அதனைச் செய்யமாட்டார் எனவும் உரைத்தமை இக்கருத்துப் பற்றியே. மேலும், மனிதரை மீட்க மனிதராதல் இன்றியமையாததாயின், புல்லும் புழுவுமாய்ப் பிறந்துழலும் உயிர்களுக்கு வழி யாது என்பதும் நாம் கேட்டற்குரிய வினாவேயாம். பல பிறவி கொள்ளாத கிறித்தவருக்கு இவ்வினா அத்துணை வலியதாகத் தோன்றாது என்பதையும் நடுநிலையிற் கூறுதல் கடன்.

ஆயின், நோயாளி கேட்ட வினா இன்னும் நிற்கின்றது. துன்புறாத கடவுள் துன்பத்தை அறிவாரோ? இதற்கு நம் விடை அப்பிரம்படியிலேயே உளது. பாண்டியன் ஓங்கிய பிரம்பு பட்ட இடம் கூலியாள் முதுகு. அவ்வடியோ பாண்டியன் முதுகிலும், அரசியர் முதுகிலும், கருவிலுள்ள குழவி ஈறாக எல்லா உயிர்மேலும் பட்டது. இதன் பொருள் யாது? இறைவன் உயிர்களினின்று வேறாய்த் தூரத்தே நின்று, பின்னர் அணுகி வந்தவன் அல்லன்; உயிர்க்குயிராய் என்றும் உடனாய் நிற்பவன் என்பதே. கிறித்தவர், “எம்மிடம் வருதற்கு அவர் மனிதரானார்” என்பர். நாம், “எம்மை ஒருபொழுதும் பிரிந்திலன், ஆதலின் பிறந்து வரவேண்டுவதில்லை” என்போம். அவர் கொள்கையிலே இறைவன் நம் துன்பத்தை அறிந்தமைக்குச் சான்று சிலுவைத் தழும்பு. நம் கொள்கையிலே அதற்குச் சான்று எல்லா உயிர்மேலும் பட்ட அவ்வடி.

அன்பர்களே, இவ்விடையை வாயாற் கூறுதல் எளிது. கடவுள் மனிதரானார் என நம்புவோன் எம்மனிதனையும் இழிவாக நடத்துதல் தன் நம்பிக்கையைத் தானே மறுத்தலாம். அங்ஙனமே, ஓர் உயிர்மேற் பட்ட அடி எல்லா உயிர்மேலும் பட்டதெனப் புராணம் படிக்கும் சைவன், தன்னோடு ஒரே மலையிற் கொழுந்தெடுக்கும் ஒருவரைச் சாதிபற்றிக் கோயில் வாயிலிலே ஒதுக்கி நிறுத்துவானாயின், அவன் படித்த படலம் அவனுக்கு எதிரே சாட்சியாகும். அவ்வாயிலில் நின்றவர் அடுத்த காம்பராவிலுள்ள சிலுவையை நோக்கி நடந்தனராயின், அவரை வைதல் முறையன்று. வாயிலை அடைத்த கை எவருடையது என ஆராய்தலே முறை.

ஆதலின், பசித்தவர் கடவுளாவரோ என்னும் ஏளனத்தை நாம் விடுதல் வேண்டும். அது கிறித்தவரை நோவச்செய்யுமேயன்றி அவர்தம் கொள்கையைத் தொடாது. பிட்டுக்குக் கூலியாளானவனை வணங்கும் நமக்கு அது பொருந்துவதுமன்று. தோட்டக் கோயில்களிலே வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சிறுவருக்கு மண் சுமந்த படலத்தைக் கதையளவில் நிறுத்தாது அதன் பொருளோடு கற்பித்தல் வேண்டும். நோயுற்றார் அருகிலே அவ்வினா எழும்பொழுது, பிறர் கடவுளைப் பழித்துக்கொண்டிராது, “உன்மேற் பட்டது அவன்மேலும் பட்டது” எனக் கூறி அவர் கையைப் பற்றிக்கொள்ளுதல் வேண்டும். சைவன் கூறத்தக்க விடை அதுவே.