வாயிலில் நிற்பவர்

சதுரங்கப்பட்டினத்திலிருந்து பேருந்தேறிச் செங்கற்பட்டுக்குப் படம் பார்க்கச் செல்லும் ஒரு குடும்பத்தைச் சீட்டுக் கிழிப்பவர் தடுக்கிறார் என வைத்துக்கொள்வோம். படத்துக்கு ‘ஏ’ சான்றிதழ். மகனுக்கோ வயது 12.

“என் பிள்ளைக்கு எது தகும் என எனக்குத் தெரியாதா? பணத்தைத் திருப்பிக் கொடு!” எனச் சீறுகிறார் தந்தை.

அவருக்கு உரிமை உண்டுதான். ‘யுஏ’ படங்களை 7, 13, 16 என வயதுவாரியாகப் பிரித்த 2023ஆம் ஆண்டுத் திருத்தமும் முடிவைப் பெற்றோரிடமே விட்டது. ‘ஏ’ படத்துக்கு மட்டும், 18 நிரம்பாதவர் எவரோடு வந்தாலும் இடமில்லை.

சட்டத்துக்கு அஞ்சியே அவ்வூழியர் மறுக்கிறார் என்பீர்கள். இருக்கட்டும். கண்டும் காணாமல் விட்டிருந்தால் அவருக்கு ஏச்சு மிஞ்சியிருக்காது. பணத்தைத் திருப்பித்தரும் அதிகாரமும் அவரிடம் இல்லை. மகனோ இருவரையும் மாறிமாறிப் பார்த்து நிற்கிறான்.

சீட்டு விற்கும் சன்னலிலேயே வயதைக் கேட்க முதலாளி ஏற்பாடு செய்திருக்கலாம். தந்தையின் கோபத்தில் நியாயமான பங்கு அவருக்கே உரியது. அவர் வாயிலில் நிற்பதில்லை.