பழுதும் பொறுப்பும்

இயங்காத கருவியொன்றை இயங்கவைத்தல் வேறு. அதனைத் திருத்துதல் வேறு. இவ்வேறுபாடு நுட்பத்தைச் சார்ந்தது மட்டுமன்று, அறத்தையும் சார்ந்தது.

ஆய்கூட மேசையிலுள்ள மின்வழங்கியொன்றின் உருகி எரிந்துவிட்டதெனக் கொள்வோம். 1 அம்பியர் உருகியின் இடத்தில் 5 அம்பியர் உருகியை இடுபவன் காரியத்தைக் கண்டு காரணத்தை மறந்தவனாவான். சீராக்கியின் இருவாயி குறுஞ்சுற்றாகியிருப்பின், அடுத்து எரியக்கூடியது நிலைமாற்றியின் சுருளே.

இதனினும் நுண்ணிய பழுது ஒன்றுண்டு. வெளியீட்டைக் கட்டுப்படுத்தும் திரான்சிற்றர் குறுஞ்சுற்றாயினும் கருவியின் விளக்கு எரியும். ஆனால் 5 வோல்ற்றை வேண்டும் சுற்றுக்கு 30 வோல்ற்று சென்று அதனை அழித்துவிடலாம். புதிய திரான்சிற்றரைப் பொருத்துவதோடு பணி முடிவதில்லை. பழையது ஏன் கெட்டது? வெப்பம் வெளியேற வழியிருந்ததா? முழுச் சுமையில் நெடுநேரம் இயக்கினும் அழுத்தம் நிலைத்து நிற்கின்றதா? இவ்வினாக்களுக்கு விடை தேடும் உழைப்பை எவரும் காண்பதில்லை. அதைத் தவிர்த்தாலும் எவரும் உடனே அறியார்.

பொறுப்பு தொடங்குவது அவ்விடத்திலேயே. நாளை அம்மேசையில் அமரும் மாணவன் திருத்தியவனை அறியான். எனினும், நம்பிக்கையோடு ஆளியை அழுத்துகின்றான். முகமறியாத ஒருவனின் அந்நம்பிக்கையே திருத்துபவனின் கடனாகின்றது.

உதிரிப்பாகம் கிடையாமலும் காலம் போதாமலும் இருக்கலாம் என்பர். உண்மையே. அந்நிலையில் கருவியின்மேல் ‘பழுது’ என எழுதி வைப்பதும் அறமே. அரைகுறையாய்த் திருத்தியதை நல்லதென மேசையில் வைப்பதோ பொய். அப்பொய்யின் விலையைக் கொடுப்பவன் பிறிதொருவன்.