நினைத்தாலே பாவமா?

இந்த இதழில் வழக்கமா முகாம், சேவை, திருமுறைப் போட்டி பத்தித்தான் எழுதுவாங்க. நான் என் நோயைப் பத்தி எழுதுகிறேன். மூணு மாசத்துக்கு முன்னால, எனக்கு ஓசிடியும் பதற்ற நோயும் இருப்பதாக மனநல மருத்துவர் சொன்னார்.

ஓசிடி என்றால் கை கழுவிக்கிட்டே இருப்பது, பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு வந்தது வேறு. வீட்டுச் சாமி மேடையில் முருகன் படத்துக்கு முன்னால் நின்றால், வாயால் சொல்ல முடியாத கெட்ட வார்த்தைகள் மனசுக்குள்ளே வரும். உடனே தேவாரத்தை முதல் வரியிலிருந்து தொடங்குவேன். நடுவில் மறுபடியும் வரும். மறுபடியும் முதல் வரி. பத்து நிமிடப் பூஜை ஒன்றரை மணி நேரம் ஆனது. அம்மா முதலில் சந்தோஷப்பட்டார். பையனுக்குப் பக்தி வந்துடுச்சாம்!

மனம், வாக்கு, காயம் மூன்றாலும் வினை சேரும் என்று சமய வகுப்பில் படித்திருக்கிறோம். அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. செய்யவில்லை, சொல்லவில்லை, ஆனா நினைச்சிட்டேனே! அந்தப் பாவம் அம்மாவைத் தாக்கிடுமோ? "ஒண்ணும் ஆகாதுல்லம்மா?" என்று ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்பேன். "ஆகாதுய்யா" என்பார். அந்த நிம்மதி ஐந்து நிமிடம்கூட நிற்காது. பெரியம்மா ஒருத்தர், யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள், சாமி பார்க்கணும் என்றார். அவர் மேல் கோபமில்லை. அவருக்குத் தெரிந்த உதவி அது.

மருத்துவர் ஒரு பழைய ஆய்வைச் சொன்னார். 1978இல் ராக்மன், டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள் நோயில்லாத சாதாரண மக்களிடம் விசாரித்தார்களாம். பெரும்பாலோருக்கு இதே மாதிரி வேண்டாத எண்ணங்கள் வந்து போவது தெரிந்ததாம். மற்றவர்கள் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நான் விசாரணை நடத்துகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். தமிழிலேயே 'நினைப்பு வந்தது' என்பதும் 'நினைத்தேன்' என்பதும் வேறு வேறுதானே? நண்பனைக் கவிழ்க்க உட்கார்ந்து திட்டம் போடுகிறவன் மனத்தால் வினை செய்கிறான். வந்த எண்ணத்தைக் கண்டு நடுங்குகிறவன் என்ன செய்தான்? அப்புறம் கண்ணப்ப நாயனார். வாயில் கொண்டுவந்த நீரால் அபிஷேகம், கடித்து ருசி பார்த்த இறைச்சி நைவேத்தியம். சிவன் அதை ஏற்றுக்கொண்டாரே!

அருமையான பதில் என்று நினைத்தேன். ஒரே வாரத்தில் அதுவும் நோயோடு சேர்ந்துவிட்டது. கெட்ட வார்த்தை வந்தவுடன் "கண்ணப்பர், கண்ணப்பர்" என்று மனசுக்குள்ளே சொல்லணும். சரியாகச் சொன்னேனா என்று சந்தேகம் வந்தால் திரும்பவும் சொல்லணும்.

இதைக் கேட்ட உளவியல் சிகிச்சையாளர் சிரித்துவிட்டார். அவர் தரும் பயிற்சி, பயத்தை வரவிட்டு, பரிகாரம் எதுவும் செய்யாமல் இருப்பது. 1966இல் விக்டர் மேயர் என்பவர் லண்டனில் தொடங்கிய முறையாம். தேவாரத்தில் தடுமாறினாலும் திரும்பத் தொடங்கக் கூடாது. அம்மாவிடம் கேட்கக் கூடாது. கேட்டாலும் அம்மா பதில் சொல்லக் கூடாது. "அப்போ இது பாவமா, இல்லையா?" என்றேன். "அது தெரியாமலே சாப்பிடப் போங்க" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நம் சமயத்தில் இவ்வளவு பெரிய கேள்வி, சாப்பிடப் போவதா? பிறகுதான் உறைத்தது. இத்தனை நாள் நான் சாமியைக் கும்பிடவே இல்லை. உறுதிச்சீட்டு கேட்டுக்கொண்டிருந்தேன், நாளைக்கு இருபது தடவை. பாவமா என்ற கேள்வியை நான் தூக்கி எறியவில்லை. நான் தீர்ப்பு எழுதவேண்டிய வழக்கு அது இல்லை, அவ்வளவுதான்.

மருந்தும் எடுக்கிறேன். ஓசிடிக்கு அது வேலை செய்ய பல வாரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நல்லவேளை, இல்லாட்டி இரண்டாம் வாரமே நிறுத்தியிருப்பேன்.

போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றினேன். மூன்றாவது வரியில் அந்த வார்த்தை வந்தது. கை நடுங்கியது. நான்காவது வரியைப் பாடினேன், முடித்தேன், திருநீறு பூசினேன். பயம் பத்துக்கு எட்டு இருக்கும். அப்படியே மேசைக்குப் போனேன்.

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்றார் அம்மா.

"முடிஞ்சிடுச்சும்மா. பசிக்குது."

அவர் வேறு எதுவும் கேட்காமல் சோறு போட்டார்.