அருமை என்பது யாது?

'அருமை' என்னும் சொல் கிடைத்தற்கரியதையும் குறிக்கும், சிறந்ததையும் குறிக்கும். இரண்டும் ஒன்றுதானா? கார் சேகரிப்போர் எண்ணிக்கையையும், தொழிற்சாலையிலிட்ட நிறத்தையும் நோக்கியே விலை பேசுவர். 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பெற்ற பெராரி 250 ஜி.டி.ஓ. பந்தயக் கார்களுள் ஒன்று, 2018இல் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

நம் குர்லாவில் உருவான பிரீமியர் பத்மினியோ, கறுப்பும் மஞ்சளும் பூசிய டாக்சியாக, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் தாய்மாரைப் பேறுகாலத்தில் சுமந்தது. பல்லாயிரமாய் ஓடிய நாளில் அதனைக் கூலியின் நிறமென்றே எண்ணினோம். ஓட்டியவர் முகத்தையும் நோக்கினோமில்லை. 2023 அக்டோபரில் கடைசிப் பத்மினி டாக்சியும் ஓய்ந்தது. இன்று அந்நிறத்துக்காக ஏங்குகிறோம்.

அருகியபின் விரும்புவது ஆசை. நிறைந்திருக்கையில் போற்றுவதே அறம்.